பூச்சிக்குப் பழைய பெயரும் உண்டு

கேள்வி: காயில் சொறி விழுகிறது. கூகுள் ஸ்காலரில் 'ஏலக்காய் நோய்' என்று ஆங்கிலத்தில் தேடினால் கட்டுரைகள் கொட்டுகின்றன. எதைப் படிப்பது?
– ஒரு விவசாயி, போடிநாயக்கனூர்

பதில்: போடி ஏலத்தில் 'காய் கொடுங்கள்' என்றா கேட்பார்கள்? '8 எம்.எம். பச்சை' என்பார்கள்! தேடலிலும் அந்தக் கறார் வேண்டும். காயில் சொறி என்றால் பெரும்பாலும் அது நோயல்ல, இலைப்பேனின் வேலை. அதன் அறிவியல் பெயர் 'சயோத்ரிப்ஸ் கார்டமோமி'. ஆங்கிலத்தில், இரட்டை மேற்கோளுக்குள் போடுங்கள். 'டேனியோத்ரிப்ஸ் கார்டமோமி' என்ற பழைய பெயரையும் தேடுங்கள். அந்தக் கால ஆய்வுகள் அதில்தான் ஒளிந்திருக்கின்றன. வெறும் 'கார்டமம்' என்றால் சிக்கிமின் பெரிய ஏலக்காயும் வந்து நிற்கும். நல்ல கட்டுரை சிக்கியதும் கீழே 'சைட்டட் பை'யைத் தட்டுங்கள். பின்னால் வந்த ஆய்வுகள் சரம் சரமாக வரும். முழுக் கட்டுரைக்குக் காசு கேட்டால், எழுதியவருக்கே ஒரு மின்னஞ்சல் போடுங்கள்.