நூற்றியோராவது கோழி

வானூர்ப் பக்கம் மணிலா போட்டும் சவுக்கு வைத்தும் நொந்துபோன நிலக்காரர்களே, கறிக்கோழிப் பண்ணை முதலாளி ஆக வாருங்கள். தகுதி: சொந்த நிலமும் அடகு வைக்கப் பத்திரமும். கொட்டகை, கரண்ட், தண்ணீர், தரையில் பரப்பும் தேங்காய் நார், ராத்தூக்கம் எல்லாம் உங்கள் செலவு. குஞ்சு, தீவனம், மருந்து மட்டும் கம்பெனியுடையது. ஆகவே கோழியும் கம்பெனியுடையது. கடனும், நாற்றத்துக்காகப் பக்கத்து வீட்டார் போடும் சண்டையும் உங்களுக்கே; அதில் எந்தக் கம்பெனியும் பங்கு கேட்டதில்லை.

வளர்ப்புக் கூலி கிலோவுக்கு ஆறரை ரூபாய். ஒரு டீக்குக் காணாது. 5,000 கோழி, தலைக்கு 2 கிலோ என்றால் 45 நாளைக்கு 65,000 ரூபாய். கரண்ட், நார், ஆள்கூலி, வட்டி போக மீதியை எண்ணுங்கள், நேரம் பிடிக்காது. தீவனம் கூடுதலாகத் தின்றால் பிடித்தம், செத்தது கூடினால் பிடித்தம். சந்தையில் விலை சரிந்தால் அடுத்த பேட்ச் இறங்க நாளாகும். கொட்டகை காலியாகக் கிடக்கும், வங்கித் தவணை மட்டும் தேதி தவறாமல் வரும்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை. வெள்ளத்தில் செத்த கோழிக்கு 100 ரூபாய் நிவாரணம் என்றார்கள். கும்பிடு போடும் முன் பேரிடர் நிவாரண விதியின் அடுத்த வரியையும் படியுங்கள்: ஒரு குடும்பத்துக்கு உச்சவரம்பு 10,000 ரூபாய். அதாவது 100 கோழி சாகலாம். நூற்றியோராவது கோழியிலிருந்து ஐயாயிரமாவது வரை அரசுக் கணக்கில் சாகவே இல்லை. புதுச்சேரிக்கு நீந்திப் போயிருக்கும். நம்மூர் ஆட்கள் அடிக்கடி போகிற இடம்தானே. அந்த நூறுக்காவது மனு எழுத உட்கார்ந்தால், செத்த கோழி யாருடையது என்ற கேள்வி வருகிறது. விற்கும்போது கம்பெனியுடையது, புதைக்கும்போது மட்டும் உங்களுடையது.

ஒப்பந்தப் பண்ணையத்துக்கு நாட்டிலேயே முதலில் தனிச்சட்டம் கொண்டுவந்த மாநிலம் நாம்தான். 2019-இல். கால்நடையும் அதில் அடக்கம். கோழி 45 நாளில் வளர்ந்து லாரி ஏறிவிடுகிறது. சட்டம் இன்னும் குஞ்சாகவே கீச்சிடுகிறது. எந்தத் தீவனம் போட்டு வளர்க்கிறார்களோ!

பண்ணையாளர்கள் கேட்பது கிலோவுக்கு 20 ரூபாய். பிச்சையில்லை, கூலி. கோட்டையில் உட்கார்ந்திருப்பவர்களே, கம்பெனிகளைக் கூப்பிட்டுப் பேசியதெல்லாம் போதும். குறைந்தபட்சக் கூலியை அரசாணையில் போடுங்கள். ஒப்பந்தத்தின் தமிழ் நகலைப் பண்ணையாளர் கையில் கொடுக்கச் சொல்லுங்கள். நூறு கோழி வரம்பைத் தூக்குங்கள், அடுத்த புயலுக்கு முன்னால்.