கனெக்‌ஷன் சார்

எங்கள் கல்லூரியில் எந்தக் கருத்தரங்கும் குத்துவிளக்கோடு தொடங்குவதில்லை. திரை நீலமாகி 'நோ சிக்னல்' என்று வந்த பிறகுதான் தொடங்கும். குத்துவிளக்கை யாரும் ஏற்றலாம். அந்த நீலத்தைப் போக்க ஒருவரால்தான் முடியும். அவர் மூன்றாவது வரிசை ஓரத்தில் உட்கார்ந்திருப்பார்.

பாடம் எடுப்பது வணிகவியல். பெயர் மறந்து பல காலமாகி, எல்லாருக்கும் கனெக்‌ஷன் சார். உடனே எழுந்து வந்துவிட மாட்டார். லேப் அசிஸ்டென்ட் ஒயரை நாலு தரம் பிடுங்கிச் செருக வேண்டும். பிரின்சிபால் திரும்பிப் பார்க்க வேண்டும். "சார் எங்கிருந்தாலும் மேடைக்கு வரவும்" என்று மைக்கில் சொல்ல வேண்டும். அப்புறம்தான் சட்டைக் கையை மடிப்பார்.

வந்ததும் முதல் கேள்வி: "யாரு இதைத் தொட்டது?"

பையில் ஒரு விஜிஏ ஒயர் எப்போதும் இருக்கும். 1987இல் ஐபிஎம்காரன் கொண்டுவந்த சமாசாரம். பதினைந்து பின்னையும் கண்ணருகே வைத்து, ஜாதகக் கட்டம் பார்ப்பதுபோல் பார்ப்பார். வளைந்ததைக் காலி ரீஃபிலால் நிமிர்த்துவார். ஹெச்டிஎம்ஐ மேல் அவருக்கு மரியாதை கிடையாது. "திருக ஒரு ஸ்க்ரூ இல்ல, இதெல்லாம் ஒரு கனெக்‌ஷனா?" அதில் சத்தமும் சேர்ந்து வருமே என்று ஒருமுறை வாயைக் கொடுத்தேன். "சத்தம் போடத்தான் நீங்க இருக்கீங்களே!"

விஷயம் தெரியாதவர் என்று சொன்னால் பாவம். மேடைக் கணினியில் புதிதாக கிராஃபிக்ஸ் கார்டு போட்ட அன்று மானிட்டர் இருட்டிவிட்டது. கார்டு வந்தால் பல கணினிகளில் மதர்போர்டின் சொந்தப் போர்ட் வாயை மூடிக்கொள்ளும். மானிட்டர், புரொஜெக்டர் இரண்டையும் கார்டிலேயே செருக வேண்டும். கண்டுபிடித்தவர் அவர்தான். ஆனால் எங்களிடம் சொன்ன காரணம், "எர்த் சரியில்ல."

இரண்டு திரையும் உயிர்பெற்றாலும் கூத்து முடியாது. 'எக்ஸ்டெண்ட்' ஆகிவிட்டால் மவுஸ் அம்பு மானிட்டரின் வலது ஓரத்தில் வெளிநடப்புச் செய்துவிடும். சிறப்பு விருந்தினர் மேசைக்கடியில் தேடுவார். 'டூப்ளிகேட்' என்றால், பழைய புரொஜெக்டரின் 1024க்கு 768 அளவுக்கு அகல மானிட்டரும் இறங்கிவந்து, விருந்தினரின் படத்திலுள்ள ஒல்லியான மாணவர்கள் எல்லாம் பக்கவாட்டில் பெருத்துவிடுவார்கள்.

இதை மாற்றும்போது மட்டும் இடது கையால் கீபோர்டை மறைத்துக்கொள்வார், பரீட்சையில் விடைத்தாளை மறைக்கிற முதல் ரேங்க் பையன் மாதிரி. பின்னாலிருந்து ஒருநாள் பார்த்துவிட்டேன். விண்டோஸ் கீ, கூடவே பி. அவ்வளவுதான். 2009இல் விண்டோஸ் 7 வந்த நாளிலிருந்து எல்லாருக்கும் பொதுவாக இருக்கிற வசதி. நான் யாரிடமும் சொல்லவில்லை. ஒரு மனிதர் பிழைப்பில் எதற்கு மண்?

போன மாதம் தொகுத்து வழங்க வந்த முதலாண்டு மாணவி, மைக்கைக் கூடக் கீழே வைக்காமல் அந்த இரண்டு கீயையும் அமுக்கிவிட்டாள். சட்டென்று படம் வந்தது. அரங்கமே கைதட்டியது. மூன்றாவது வரிசையில் ஒரு சட்டைக் கை பாதி மடித்தபடியே நின்றது.

ஒரு நிமிடம்தான். எழுந்து நேராக மேடைக்கு வந்தார். தலையைச் சாய்த்துத் திரையைப் பார்த்தார்.

"லேசா மஞ்சளடிக்குதே. ப்ளூ பின் பிடிக்கல."

ஒயரின் கழுத்தைப் பிடித்து ஓர் ஆட்டு ஆட்டினார். நோ சிக்னல்.

"யாரும் பதறாதீங்க" என்றபடி பையில் ரீஃபிலைத் தேடத் தொடங்கினார்.