சங்கிலி கட்டி மூழ்கடித்தவர்களுக்கு ஒரு பாராட்டு மடல்

அனுப்புநர்:
பழைய கார்மேல் ஆசையும் புதிய கார்மேல் மாதத் தவணையும் உள்ள ஒருவன்,
சென்னை.

பெறுநர்:
உயர்திரு தலைமை அதிகாரி அவர்கள்,
சுங்கம் மற்றும் எல்லைப் பாதுகாப்புக்கான கூட்டாட்சி அலுவலகம்,
பெர்ன், சுவிட்சர்லாந்து.

பொருள்: 1936இல் தங்கள் துறையினர் மஜோரே ஏரியில் இறக்கிவைத்த புகாட்டி கார் – பாராட்டுத் தெரிவித்தல் – நிலுவை வரி குறித்து விளக்கம் கேட்டல் – தொடர்பாக.

பார்வை: துருப்பிடித்த சங்கிலி ஒன்று. நாள் குறிப்பிடப்படவில்லை.

ஐயா / அம்மையீர்,

கடிதம் தமிழில் இருக்கிறது என்று திருப்பி அனுப்பிவிட வேண்டாம். ஜெர்மன், பிரெஞ்சு, இத்தாலியன், ரோமான்ஷ் என்று நான்கு மொழிகளைக் கட்டி மேய்க்கும் தேசத்துக்கு ஐந்தாவது ஒன்று பாரமாகிவிடாது. படித்துச் சொல்ல சூரிச்சிலும் பெர்னிலும் எங்கள் ஆட்கள் நிறையவே இருக்கிறார்கள்.

ஓர் அரசு அலுவலகத்தைப் பாராட்டி எழுதும் பாக்கியம் எங்கள் ஊர்க்காரனுக்கு லேசில் கிடைப்பதில்லை. வழக்கமாக நாங்கள் எழுதுவது நினைவூட்டல் கடிதம், அதற்குப் பதில் வராதபோது இரண்டாம் நினைவூட்டல் கடிதம். தங்கள் துறையின் சாதனையோ இத்தனை ஆண்டு ஆகியும் உரிய முறையில் கௌரவிக்கப்படவில்லை. அந்தக் குறையை நிவர்த்தி செய்யவே இம்மடல்.

தங்கள் கோப்பில் ஒருவேளை "பொருள் ஒன்று" என்று மட்டும் எழுதியிருக்கக்கூடும் என்பதால், அது என்ன பொருள் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். 1925ஆம் ஆண்டு, பிரான்சின் அல்சாஸ் பகுதியில் மோல்சைம் என்ற ஊரில், எத்தோரே புகாட்டியின் தொழிற்சாலையில் பிறந்த ஸ்போர்ட்ஸ் கார். டைப் 22 பிரெஷியா. சேஸிஸ் எண் 2461. ஒன்றரை லிட்டர் இன்ஜின், நான்கு சிலிண்டர், சிலிண்டருக்கு நான்கு வால்வு. எங்கள் ஊர் ஷோரூமில் இன்றைக்கும் "பதினாறு வால்வு சார்" என்று விற்பனையாளர் குரலைத் தாழ்த்தி ரகசியம்போலச் சொல்வார். அந்தப் பதினாறும் இதில் நூறு ஆண்டுக்கு முன்பே இருந்தன. 1921இல் இத்தாலியின் பிரெஷியா நகரப் பந்தயத்தில் முதல் நான்கு இடங்களையும் புகாட்டிகளே அள்ளிக்கொண்டதால் இந்த வகைக்கு அந்த ஊர்ப் பெயர் ஒட்டிக்கொண்டது.

இது மஜோரே ஏரிக்கரையில் உள்ள தங்கள் அஸ்கோனா நகருக்கு எப்படி வந்தது என்பதற்கு இரண்டு வரலாறுகள் உலவுகின்றன. முதலாவது டீக்கடைக்கு ஏற்றது: 1930இல் மொனாக்கோ கிராண்ட் பிரியை வென்ற ரெனே ட்ரைஃபஸ் பாரிஸில் சீட்டாட்டத்தில் இந்தக் காரைத் தோற்றாராம். ஜெயித்தவர் சுவிஸ் எல்லைவரை ஓட்டிவந்து, வரி கட்டக் காசில்லாமல் அங்கேயே விட்டுவிட்டுப் போனாராம். இரண்டாவது அலுவலகத்துக்கு ஏற்றது: போலந்து வம்சாவளியைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் ஒருவர் அஸ்கோனாவில் வசித்தபோது இதை வைத்திருந்தார். 1936இல் ஊரைவிட்டுக் கிளம்பும்போது ஒரு கட்டுமானக் கிடங்கின் முற்றத்தில் நிறுத்திவிட்டுப் போய்விட்டார். இறக்குமதி வரியை மட்டும் அவர் கட்டவேயில்லை. கதை மாறுகிறது, கதாநாயகன் மாறுகிறான். இரண்டிலும் மாறாமல் வருகிற ஒரே பாத்திரம் தாங்கள்தான்.

அடுத்து நடந்தது எல்லாம் விதிப்படி. கார் பழசு. நிலுவையோ அதன் மதிப்பைத் தாண்டிவிட்டது. ஆள் இல்லை. எனவே பொருளை அழிக்க வேண்டும் என்றது சட்டம். அழிப்பதற்கு எத்தனையோ வழிகள் உண்டு. சம்மட்டி இருக்கிறது. காயலான் கடைக்காரர் எந்த நாட்டிலும் இருப்பார். தங்கள் அதிகாரிகள் அக்கம்பக்கம் பார்த்தார்கள். எதிரே ஏரி இருந்தது. உருட்டிவிட்டார்கள்.

இதுவரை செய்ததை எந்த நாட்டு அதிகாரியும் செய்திருப்பார். தங்கள் அதிகாரிகளின் மேதமை அடுத்த கட்டத்தில்தான் ஒளிர்கிறது. உருட்டிவிடும் முன் காரில் ஒரு சங்கிலியைக் கட்டினார்கள். உரிமையாளர் நாளைக்கே மனம் மாறி வரியைக் கட்ட வந்துவிட்டால் இழுத்துக் கொடுக்க வேண்டுமே!

இதைப் படித்தபோது நான் எழுந்து நின்றேன் ஐயா. அழித்தாகிவிட்டது என்று மேலிடத்துக்கு எழுதலாம். அழிக்கவில்லை என்று உரிமையாளரிடம் சொல்லலாம். கோப்பை மூடலாம், மூடாமலும் வைத்திருக்கலாம். "நடவடிக்கை எடுக்கப்பட்டது", "பரிசீலனையில் உள்ளது" என்ற இரண்டு பதில்களையும் ஒரே சமயத்தில் உண்மையாக்கும் வித்தையை இரும்பில் செய்து காட்டிய ஒரே துறை தங்களுடையது. எங்கள் ஊர் அலுவலகங்களில் இதைத் தாளில்தான் செய்கிறார்கள்.

சங்கிலிக்கு ஓய்வூதியம் கிடையாது என்பதால் அது பணிக்காலத்திலேயே துருப்பிடித்து அறுந்தது. கார் 53 மீட்டர் ஆழத்தில் போய் அமர்ந்தது. இதிலும் தங்களுக்கு அதிர்ஷ்டம். மஜோரே ஏரியின் அதிகபட்ச ஆழம் 370 மீட்டரைத் தாண்டும், ஏரியின் பெரும்பகுதி இத்தாலிக்குச் சொந்தம். இன்னும் கொஞ்சம் தெற்கே சரிந்திருந்தால், அனுமதியின்றி ஏற்றுமதி என்று இன்னொரு கோப்பு திறக்க வேண்டியிருந்திருக்கும்.

1967 ஆகஸ்டில் உள்ளூர் முக்குளிப்பாளர் ஒருவர் அதைக் கண்டுபிடித்தார். அதன் பிறகு நாற்பது ஆண்டுக்கும் மேலாக, அந்தப் பக்கத்து முக்குளிப்பாளர்களுக்கு அது ஒரு நேர்த்திக்கடன்போல ஆகிவிட்டது. இறங்கினார்கள், தொட்டுப் பார்த்தார்கள், ஏறினார்கள். அந்த நாற்பது ஆண்டில் ஒருநாளாவது ஓர் அலுவலர் கரைக்கு வந்து, "இந்தப் பொருள்மீது வரி பாக்கி இருக்கிறது" என்று ஒரு நோட்டீஸ் ஒட்டியிருக்கலாம். நீருக்கடியில் ஒட்டும் பசைக்கு நிதி ஒதுக்கீடு இல்லை என்றே எடுத்துக்கொள்கிறேன்.

பிறகு பகடிக்கு இடமில்லாத ஒரு காரியம் நடந்தது. 2008 பிப்ரவரியில், பக்கத்து லொகார்னோ நகரின் திருவிழாவில் 22 வயது இளைஞர் ஒருவரை மூன்று பேர் அடித்துக் கொன்றார்கள். அவர் நினைவாக, இளைஞர் வன்முறைக்கு எதிராக ஓர் அறக்கட்டளை தொடங்கப்பட்டது. அதற்கு நிதி வேண்டும். ஏரிக்குள் கார் கிடக்கிறது என்று முக்குளிப்புச் சங்கத்தாருக்குத் தெரியும். சேற்றைத் தோண்டி அதை விடுவித்து, 2009 ஜூலையில் மேலே கொண்டுவந்தார்கள். கரையில் கூட்டம் கூடி நின்று பார்த்தது. மேலே வந்தது கார் என்று சொல்ல நம்பிக்கை வேண்டும். ஆரக்கால் சக்கரங்களும் டயர்களும் அடையாளம் சொல்லின. சேற்றில் புதைந்திருந்த பாகம் ஓரளவு உருவத்தோடு இருந்தது. தண்ணீருக்கு முகம் கொடுத்திருந்த பாகத்தில் தகடு அரித்து, ஓட்டைகளைச் சுற்றிக் கொஞ்சம் இரும்பு மிச்சமிருந்தது.

2010 ஜனவரியில் பாரிஸ் ரெட்ரோமொபில் கண்காட்சியில் பான்ஹாம்ஸ் நிறுவனம் இதை ஏலத்துக்கு வைத்தது. போனது 2,60,500 யூரோவுக்கு. பணம் அறக்கட்டளைக்கு. எடுத்தவர் அமெரிக்கச் சேகரிப்பாளர் பீட்டர் முல்லின். கலிஃபோர்னியாவின் ஆக்ஸ்னார்டில் அவர் நடத்திவந்த அருங்காட்சியகத்தில், பளபளக்கும் பிரெஞ்சுக் கார்களுக்கு நடுவே, இதை ஒரு திருகுகூட மாற்றாமல், வந்த கோலத்திலேயே நிறுத்திவைத்தார். 2024இல் அந்த அருங்காட்சியகம் மூடப்படும்வரை இதன் முன்னால் நின்றவர்கள் புகாட்டியை மட்டும் பார்க்கவில்லை. தங்கள் துறையின் கைவண்ணத்தையும் சேர்த்தே பார்த்தார்கள்.

பழைய கார்ப் பித்து இல்லாதவர்களுக்கு இந்தக் கணக்கு விளங்காது, சற்று விளக்குகிறேன். கிடப்பில் கிடந்த காரை வாங்குகிறவன் இரண்டு வகை. ஒருவன் அதை மீட்டு ஓட்டுவதற்காக வாங்குகிறான். அவன் பேரம் பேசும்போது சேஸிஸ் நேராக இருக்கிறதா, இன்ஜின் எண்ணும் தாளில் உள்ள எண்ணும் ஒன்றா, உதிரி எது கிடைக்கும், எதைக் கடைசலில் கொடுத்துச் செய்ய வேண்டும் என்று பார்ப்பான். அவனுக்கு ஒவ்வொரு துருவும் ஒரு செலவு. மற்றவனுக்கு அந்தத் துருதான் சரக்கு. பாலிஷ் போட்ட புகாட்டி பணமிருந்தால் இன்னொன்று கிடைக்கும். 73 ஆண்டு ஏரிக்குள் ஊறிய புகாட்டி இன்னொன்று கிடைக்காது. முல்லின் இதை மீட்டெடுத்திருந்தால் பெரும்பகுதியைப் புதிதாகவே செய்திருக்க வேண்டும், கடைசியில் கையில் இருப்பது சேஸிஸ் எண் மட்டுமே பழையதான ஒரு புதுக் கார். அதனால் அவர் காசு கொடுத்தது புறக்கணிப்புக்கு. அதைத் தயாரித்தளித்தவர்கள் தாங்கள். அதற்கு ராயல்டி கேட்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றாதது என் வியப்பு.

எங்கள் நாடும் இந்தத் துறையில் சளைத்ததல்ல என்பதைப் பெருமையுடன் தெரிவித்துக்கொள்கிறேன். வரி பொருளின் விலையைத் தாண்டும் கணக்கு எங்களுக்குப் புதிதல்ல. 2025 பட்ஜெட்டில் "குறைத்த" பிறகும், 40,000 டாலருக்கு மேற்பட்ட வெளிநாட்டுக் காருக்கு அடிப்படைச் சுங்கம் 70 சதவீதம், அதன்மேல் கூடுதல் வரி 40 சதவீதம் என்று வைத்தார்கள். ஏரியில் போடும் வழக்கம்தான் இங்கே இல்லை. எங்கள் ஏரிகளில் அவ்வளவு தண்ணீர் நிற்பதில்லை. பறிமுதல் வண்டிகளைக் காவல் நிலைய வளாகத்திலேயே நிறுத்திவிடுவோம். முதலில் பேட்டரி காணாமல் போகும், அப்புறம் ஸ்டீரியோ, அப்புறம் சக்கரம். அதற்குள் பானெட் வழியே வேப்பங்கன்று எட்டிப்பார்த்துவிடும். வண்டிகளை இப்படி ஆண்டுக்கணக்கில் போட்டுவைக்காதீர்கள், ஆறு மாதத்துக்குள் ஒரு முடிவு எடுங்கள் என்று உச்ச நீதிமன்றம் 2002இலேயே, சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில், சொல்லிவிட்டது. அந்தக் கன்றுகளில் சில இப்போது நல்ல நிழல் தருகின்றன.

தங்கள் கார் சென்னைக்கு வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்றும் யோசித்துப் பார்த்தேன். 2021இல் மத்திய அரசு பழமையான வாகனங்களுக்கென்று தனி விதி வகுத்தது. ஐம்பது வயது தாண்டியிருக்க வேண்டும். சேஸிஸ், பாடி, இன்ஜின் எதிலும் பெரிய மாற்றம் செய்யாமல் மூல உருவில் இருக்க வேண்டும். அன்றாட ஓட்டத்துக்குச் சாலையில் இறக்கக் கூடாது. புதிதாகப் பதியக் கட்டணம் 20,000 ரூபாய், எண்ணில் "விஏ" என்ற எழுத்துகள் வரும். மூன்று நிபந்தனைக்கும் இதைவிடத் தகுதியான வாகனத்தை நான் கண்டதில்லை. வயதில் குறையில்லை. யாரும் கை வைக்கவில்லை. சாலையில் ஓட்ட மாட்டோம் என்பதற்கு உறுதிமொழிப் பத்திரமும் தேவையில்லை. ஆனாலும் ஆய்வுக்கு வருகிற அலுவலர் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஹார்ன் அடிங்க பார்க்கலாம்" என்பார்.

ஆகவே கீழ்க்கண்ட விவரங்களைத் தந்துதவப் பணிவன்புடன் வேண்டுகிறேன்:

1. 1936இல் இந்தக் கார் அழிக்கப்பட்டதாகச் சான்று தரப்பட்டிருந்தால், 2010இல் ஏலம் போனது எது?

2. அழிக்கப்படவில்லை என்றால், அந்த வரி இன்றைய தேதிக்கு வட்டியுடன் எவ்வளவு? கட்ட வேண்டியவர் யார்? காரை விட்டுப் போனவரா, எடுத்து வந்தவர்களா, ஏரியா?

3. ஏரியிலிருந்து எடுத்த பொருளைப் பாரிஸுக்கு எடுத்துச் சென்றபோது படிவத்தில் அதை எந்த இனத்தில் சேர்த்தார்கள்? மோட்டார் வாகனமா, பழம்பொருளா, மீனா?

4. சங்கிலியின் கொள்முதல் செலவு எந்தக் கணக்குத் தலைப்பில் எழுதப்பட்டது? தணிக்கையில் ஆட்சேபம் ஏதும் எழுந்ததா?

5. இதே முறையில் தங்கள் துறை பாதுகாத்துவரும் வேறு ஸ்போர்ட்ஸ் கார்கள் ஏதேனும் உண்டா? பட்டியல் கிடைத்தால் நன்று. ஆழத்தைப் பொறுத்து விலை பேசிக்கொள்ளலாம்.

பாராட்டு மடல் என்று தொடங்கியதால் கடைசியில் மனதில் பட்டதையும் சொல்லிவிடுகிறேன். வரி வாங்குவது அரசின் உரிமை, அதில் எனக்குச் சண்டையில்லை. ஆனால் 1936இல் அந்தக் காரை அதே முற்றத்தில் ஏலம் விட்டிருந்தால், வந்த விலை வரிக்குப் போதாவிட்டாலும் கஜானாவுக்கு ஏதோ கிடைத்திருக்கும், யாரோ ஒரு மெக்கானிக் அதை ஓட்டியிருப்பார். வரி முழுசாக வராது என்பதற்காகப் பொருளையே ஒழித்த விதியால் அரசுக்கு ஒரு பிராங்க்கூட மிஞ்சவில்லை. அந்தக் காரால் ஒரு நல்ல காரியம் நடந்தது என்றால், அது விதி மறந்துபோன பிறகு, சம்பளம் வாங்காத முக்குளிப்பாளர்கள் சேற்றில் இறங்கியதால் நடந்தது.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
வரி செலுத்துவோன்.

நகல்: எங்கள் ஊர்க் காவல் நிலையங்கள், வட்டாட்சியர் அலுவலகங்கள், துறைமுகக் கிடங்குகள் ஆகியவற்றின் பொறுப்பாளர்களுக்கு, தக்க நடவடிக்கைக்காக. ஐயா, தங்கள் வளாகத்தில் நிற்கும் வண்டிகளை உரியவரிடம் கொடுங்கள், அல்லது சக்கரம் இருக்கும்போதே ஏலம் விடுங்கள். எல்லாத் துருவுக்கும் பாரிஸில் விலை கிடைக்காது.