ஈசானி மூலை சரியாக இருக்கிறது

செஞ்சியில் வீடு வாங்கப் போகிறவர் முதலில் கூட்டிக்கொண்டு போவது வாஸ்துக்காரரை. அவர் திசைகாட்டியை நடுக்கூடத்தில் வைப்பார். ஈசானியில் கழிப்பறை இல்லை, தெருக்குத்து இல்லை, படிகள் ஒற்றைப்படை. பேஷ் என்பார். அவர் தலைக்கு நேர் மேலே கூரையில் துருப்பிடித்த கம்பி காரையைப் பிளந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும். அது அவர் துறை இல்லை. மாடு வாங்கினால் நம்மவர்கள் பல்லும் பார்ப்பார்கள், சுழியும் பார்ப்பார்கள். வீட்டுக்கு மட்டும் சுழி போதுமாம்.

பல் பார்க்க யாருமே வரவில்லையா? கும்பலாகவே வருகிறார்கள். வங்கி தன் வக்கீலை அனுப்பும், மதிப்பீட்டாளரை அனுப்பும். கூலி உங்கள் பையிலிருந்து. அறிக்கை வங்கிக்குப் போகும். உங்கள் கைக்குப் பெரும்பாலும் வராது. நீங்கள் தவணை கட்டாமல் போனால் வீட்டை விற்றுக் கடனை எடுக்க முடியுமா என்பதுதான் அவர்களுடைய கேள்வி. செப்டிக் டேங்குக்கும் போர்வெல்லுக்கும் நடுவே எத்தனை அடி என்று ஏன் கேட்கப் போகிறார்கள்? அந்தத் தண்ணீரைக் குடிக்கப்போவது வங்கி இல்லையே.

அடுத்து, சார்பதிவாளர் அலுவலகம். ‘ரெஜிஸ்டர் ஆகிவிட்டது, இனி பயமில்லை’ என்று மிட்டாய் வாங்கிக் கொடுப்பவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது. முத்திரைத்தாளுக்கு 7 சதவீதம், பதிவுக்கு 2 சதவீதம். 40 லட்சம் ரூபாய் வீட்டுக்கு 3,60,000 ரூபாய் அரசுக்குப் போகிறது. இவ்வளவு வாங்கிக்கொண்டு அரசு எதற்குப் பொறுப்பேற்கிறது? பத்திரம் பதியப்பட்டது என்பதற்கு. விற்றவர்தான் உண்மையான சொந்தக்காரர் என்பதற்கு அல்ல. விற்பவரின் உரிமையை ஆராய்வது சார்பதிவாளரின் வேலையே இல்லை என்று 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொல்லி, தமிழ்நாட்டின் 55-ஏ விதியைச் செல்லாததாக்கியது. வில்லங்கச் சான்றும் அப்படித்தான். பதிந்தவை மட்டுமே அதில் வரும். பதியாத அக்ரிமென்ட்டும், கையெழுத்துப் போடாத தங்கையும் அதில் ஏறுவதில்லை.

கட்டடத்தைப் பற்றியாவது யாராவது சொல்வார்களா? 2024 ஜூலையில் சுயசான்றுத் திட்டம் வந்தது. 2,500 சதுர அடிக்குள் மனை, 3,500 சதுர அடிக்குள் வீடு என்றால் இணையத்தில் விண்ணப்பித்த கையோடு அனுமதி. கள ஆய்வு கிடையாது, பணி நிறைவுச் சான்றும் வேண்டாம். அனுமதிக்காக நடையாய் நடந்து செருப்புத் தேய்ந்தவர்களுக்கு இது நிம்மதி, மறுக்கவில்லை. கட்டுகிறவன் தனக்குத் தானே சான்று கொடுத்துக்கொள்ளட்டும். ஐந்து வருடம் கழித்து அந்த வீட்டை வாங்க வருகிறவனுக்கு யார் சான்று? ரியல் எஸ்டேட் ஆணையமா? 500 சதுர மீட்டருக்கு மிகாத மனையோ, எட்டு வீட்டுக்கு மிகாத கட்டடமோ பதிவு செய்ய வேண்டியதில்லை என்பது அதன் சட்டம். செஞ்சித் தெருக்களில் விற்பனைக்கு நிற்கும் தனி வீடுகள் அதன் கண்ணுக்கே தெரியாது.

ஆய்வு நடந்தால் மட்டும் என்ன வாழ்ந்தது? மவுலிவாக்கத்தில் 2014 ஜூன் 28 அன்று சரிந்த பதினொரு மாடிக்கு சி.எம்.டி.ஏ. அனுமதி இருந்தது. 61 பேர் செத்தார்கள். புளியந்தோப்பு கே.பி. பார்க்கில் அரசு வாரியமே கட்டிய குடியிருப்பில் 2021-ல் சுவரைக் கையால் சுரண்டினால் பூச்சு கொட்டியது. அதற்குப் பிறகுதான் ஐ.ஐ.டி.யைக் கூப்பிட்டார்கள். குடியேறியவர்கள் விரல் நகத்தால் கண்டுபிடித்ததைக் கோப்புகளில் கையெழுத்துப் போட்டவர்கள் யாரும் கண்டுபிடிக்கவில்லை.

இந்த ஊரில் சொத்தை ஒழுங்காகப் பார்வையிட்டவர்கள் படையெடுத்து வந்தவர்கள்தான். 1677-ல் செஞ்சிக் கோட்டையைப் பிடித்த சிவாஜி மதில்களைப் பலப்படுத்திவிட்டுத்தான் மறுவேலை பார்த்தார். முகலாயத் தளபதி சுல்பிகர் கான் 1690-லிருந்து 1698 வரை வெளியிலேயே நின்று பார்த்துவிட்டுத்தான் உள்ளே நுழைந்தார். நம் ஆள் ஞாயிற்றுக்கிழமை வெயிலில் அரை மணி நேரம் பார்க்கிறார். அதில் கால் மணி நேரம் டீக்குப் போய்விடுகிறது.

அந்தக் கோட்டைதான் இப்போது புரோக்கரின் துருப்புச்சீட்டு. 2025 ஜூலையில் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிவிட்டது அல்லவா? திண்டிவனம்–திருவண்ணாமலை ரயில் இதோ வருகிறது, அதோ வருகிறது என்று இத்தனை ஆண்டுகள் மனை விற்றவர்களுக்குப் புதுப் பாட்டு கிடைத்துவிட்டது. ‘மொட்டை மாடியில நின்னா ராஜகிரி தெரியும் சார்.’ தெரியும். பாதுகாக்கப்பட்ட சின்னத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் புதிதாக எதுவும் கட்டக்கூடாது, அதைத் தாண்டி 200 மீட்டருக்கு அனுமதி இல்லாமல் கட்டக்கூடாது என்று 2010-ல் திருத்திய சட்டம் சொல்வது மட்டும் அவருக்குத் தெரியாது. மீறினால் இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது லட்ச ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பழைய வீட்டை வாங்கி இடித்துவிட்டு மாடி கட்டலாம் என்று கனவு கண்டவர், இடித்த மண்மேட்டைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். இந்த அளவு மலை உச்சியிலிருந்து தொடங்குவதில்லை. கோட்டையின் மூன்று மலைகளையும் வளைத்து ஓடும் மதிலை மறந்துவிட்டு, ‘மலை எங்கேயோ இருக்கே’ என்று கையை நீட்டிக் காட்டுகிறார்கள்.

விற்பவரும் லேசுப்பட்டவர் இல்லை. மழைக்காலத்தில் வீடு காட்ட மாட்டார். சுவரில் ஓதம் ஏறிய இடத்தில் பட்டி பார்த்து, சந்தன நிறம் அடித்து, அதன் மேல் ஒரு முருகன் காலண்டர். ஃபெஞ்சல் புயலில் மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் தாண்டிக் கொட்டியதே, அன்றைக்கு இந்தத் தெருவில் தண்ணீர் எந்தப் படி வரை நின்றது என்று எதிர்வீட்டு ஆயாவிடம் கேட்டால் சொல்லிவிடும். கேட்க மாட்டோம். 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், தனக்குத் தெரிந்த குறையை விற்பவர் மறைக்கக்கூடாது என்கிறது. ஆனால் வாங்குபவர் சாதாரண கவனத்தோடு பார்த்தால் கண்டுபிடிக்க முடியாத குறைக்குத்தான் அந்தக் கடமை. காலண்டரைத் தூக்கிப் பார்ப்பது சாதாரண கவனமா இல்லையா என்று கோர்ட்டில் பத்து வருடம் பேசிக்கொண்டிருக்கலாம்.

விற்பவருக்கும் புரோக்கருக்கும் உறவில்லாத ஒரு பொறியாளரைக் கூப்பிட்டு, தூணில் சுத்தியல் சோதனை செய்யச் சொல்லி, தொட்டியை நிரப்பிக் கசிவு பார்த்து, எஃப்.எம்.பி. வரைபடத்தோடு நில அளவரை வைத்து நாலு எல்லையையும் அளந்தால் ஆகிற செலவு, கிரகப்பிரவேச ஃப்ளெக்ஸுக்கும் பந்திக்கும் ஆவதில் ஒரு பங்கு. ‘இதுக்கெல்லாம் காசா?’ என்கிறோம். புரோக்கருக்கு இரண்டு சதவீதம் எண்ணிக் கொடுக்கும்போது அந்தக் கேள்வி நாக்கில் வருவதில்லை.

நம்மைத் திட்டியாயிற்று. 3,60,000 ரூபாய் வாங்கியவரை என்ன செய்வது? கோயில் நிலத்தின் சர்வே எண்ணுக்கு வழிகாட்டி மதிப்பைப் பூஜ்யமாக்கிப் பதிவைத் தடுக்கப் பதிவுத் துறையின் கணினிக்குத் தெரிகிறது. இந்த சர்வே எண் கோட்டை மதிலிலிருந்து 100 மீட்டருக்குள் வருகிறது என்று வில்லங்கச் சான்றின் அடியில் ஒரு வரி அச்சடிக்க மட்டும் அதற்குக் கை வலிக்கிறதா? தொல்லியல் துறையிடம் எல்லை வரைபடம் இருக்கிறது, பதிவுத் துறையிடம் சர்வே எண் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்க்காமல் பணத்தை மட்டும் எண்ணி வாங்குகிறவர்கள், வீடு கட்டத் தொடங்கியவன் வாசலில் நோட்டீஸ் ஒட்ட வரும்போது அந்த ஒன்பது சதவீதத்தையும் கையோடு கொண்டுவரட்டும்.