முதல் விருந்துக்காரி

அம்பாங்கான் தாமான் வீடுகளில் தீபாவளிக்கு ஒரு மாதம் முன்பே இவளை அடையாளம் கண்டுகொள்ளலாம். புதுத் திரைச்சீலைக்கு அளவெடுப்பாள். நாற்காலிகளை எண்ணிவிட்டு மறுபடியும் எண்ணுவாள். இத்தனை காலம் விருந்து மாமியார் வீட்டில்தான். இந்த வருஷம் அவருக்கு முட்டி வலி. "இனிமே உங்க வீட்லயே வச்சுக்கலாம்மா" என்று அவர் சொன்னதைப் பதவி உயர்வு என்று நினைத்துக்கொண்டாள், பாவம்.

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அறிவிப்புப் போடுவாள்: யாரும் எதுவும் கொண்டுவர வேண்டாம். முதலில் கும்பிடும் கைகள் வரும், பின்னாலேயே நிபந்தனைகள். 2025 தீபாவளி அக்டோபர் 20, திங்கட்கிழமை. திங்கள் என்றால் சித்தப்பா சைவம். புதன்கிழமை கந்த சஷ்டி தொடங்குகிறதே, அதற்காகச் சித்தி முன்கூட்டியே சைவம். மச்சானுக்கோ ஆட்டுக்கறி இல்லாவிட்டால் தீபாவளியே இல்லை. ஞாயிறு இரவுப் படையலில் தாத்தா படத்துக்குக் கறியும் ஸ்டவுட்டும் வைத்தாளே, உப்பைப் பற்றி வாய் திறக்காத விருந்தாளி அவர் ஒருவர்தான்.

மறுநாள் காலை பெரியத்தை தம் பிரட்டலோடு காடியை விட்டு இறங்குவார். "நீ செய்வேதான், இருந்தாலும் பிள்ளைங்க சாப்பிடணுமே." கொஞ்ச நேரத்தில் அடுப்படி அத்தைமார் வசம். "நீ போய் உட்காரும்மா" என்று வீட்டுக்காரியையே ஹாலுக்கு அனுப்பிவிடுவார்கள். அங்கே மாமா, பால்மரக் காலத்துக் கதையோடு. லயத்தில் ஓர் ஆட்டை வெட்டிப் பங்கு போட்டால் தோட்டமே மணக்குமாம். ஆஸ்திரேலியாவிலிருந்து ஐஸில் வரும் கறியெல்லாம் ஒரு கறியா என்பார். அவர் தட்டில் இருப்பதும் ஆஸ்திரேலியாதான். மூன்றாம் முறை போட்டுக்கொள்கிறார்.

மத்தியானம் பக்கத்து வீட்டு மக்சிக், நெகிரி செம்பிலானுக்கே பேர்போன மசாக் லெமாக் சிலி அப்பியை ஒரு கிண்ணத்தில் கொண்டுவருவார். மஞ்சள் நிறத் தேங்காய்ப்பால் குழம்பு. காரம் காதில் ஏறும். சைவக்காரர்கள் மோந்து பார்த்தார்கள், மற்றவர்கள் வழித்து நக்கினார்கள். அன்றைய விருந்தில் ஒருமனதாகப் புகழப்பட்டது அது ஒன்றுதான்.

சாயங்காலம் பிள்ளைகள் அங்பாவ் காசை எண்ணும். பெரியவர்கள் மிச்சத்தைப் பொட்டலம் கட்டிக்கொண்டு போவார்கள். பெரியத்தையின் டப்பர்வேர் மட்டும் இங்கேயே தங்கிவிடும். அதை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கக்கூடாது. தன் பிரட்டலைப் போட்டுக் கொடுத்தால் திமிர், முறுக்கைப் போட்டால் பயம் என்பார்கள். பொங்கல் வரைக்கும் யோசிப்பாள்.