ஆட்டின தலைக்கு யார் பொறுப்பு?

ஒரு காதைத் தோள்பக்கம் சாய்த்து, உடனே மறு காதை மறுபக்கம் சாய்த்து, நடுவில் மோவாயால் சின்னதாக ஓர் எட்டுப் போடுகிறோமே, அந்தத் தலையாட்டலுக்கு நம்மூரில் ஏகப்பட்ட பொருள். 'கேட்டுக்கிட்டேன்', 'மேலே சொல்லுங்க', 'ஆகட்டும் பார்ப்போம்', 'முடியாதுன்னு உங்க முகத்துக்கு நேரா எப்படிச் சொல்றது' எல்லாம் அதற்குள் அடக்கம். நாளைக் காலை பத்து மணிக்கு வந்துவிடுங்கள் என்றதும் தலையை ஆட்டிவிட்டுப் போகிற பிளம்பரை யாரும் பொய்யர் என்று சொல்ல முடியாது. பத்து மணி என்றது நாம். அவர் ஆட்டினார், அவ்வளவுதான். நமக்கும் இது தெரியும். அதனால்தான் அவர் தெருமுனை திரும்புவதற்குள் ஒழுகுகிற குழாய்க்கு அடியில் வாளியை வைத்துவிடுகிறோம்.

வாளி வைக்கத் தெரியாதவர்கள் பாடுதான் திண்டாட்டம். என் சித்தப்பா மகன் சென்னையில் ஒரு மென்பொருள் கம்பெனியில் இருக்கிறான். வீடியோ காலில் ஜெர்மனி மேலாளர், "வெள்ளிக்கிழமைக்குள் முடிந்துவிடுமா?" என்று கேட்பாராம். திரையில் ஆறு கட்டங்களில் ஆறு தலைகள் ஆடும். அவர் அதை ஆறு சம்மதமாக எழுதிக்கொள்வார். திங்கட்கிழமை விவகாரம் வேலையோடு நிற்காமல் குணத்துக்குப் போய்விடும்: இவர்களை நம்ப முடியாது. இங்கே இவர்கள் பங்குக்கு, "அந்த ஆள் ஒரு ஜடம்ப்பா, ஜாடையே தெரியாது" என்பார்கள். இரண்டு பக்கமும் தலையைப் பார்த்துக் குணத்துக்குத் தீர்ப்பு எழுதியாயிற்று.

இந்தத் தலை விவகாரம் டார்வினையே குடைந்திருக்கிறது. மனிதர்களும் விலங்குகளும் உணர்ச்சியைக் காட்டும் விதம் பற்றி 1872-இல் ஒரு புத்தகம் எழுதினார். அதற்காக 1867-இலேயே பதினாறு கேள்விகளை அச்சடித்து, பல நாடுகளில் இருந்த பாதிரியார்களுக்கும் அதிகாரிகளுக்கும் அனுப்பிவைத்தார். கடைசிக் கேள்வி இதுதான்: ஆம் என்பதற்குத் தலையை மேலும் கீழும், இல்லை என்பதற்குப் பக்கவாட்டிலும் ஆட்டுகிறார்களா? இந்தியாவிலிருந்து போன பதில்கள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. ஒத்துப்போயிருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.

பல்கேரியாக்காரர்கள் நமக்கு மேலே. அங்கே ஆம் என்பதற்குத் தலை பக்கவாட்டில் ஆடும். இல்லை என்பதற்கு மேலும் கீழும் போகும். வெளிநாட்டுக்காரர் குழம்பக்கூடாதே என்று சிலர் நல்லெண்ணத்தோடு மாற்றி ஆட்டுவதும் உண்டாம். எதிரில் இருப்பவர் வழக்கப்படி ஆட்டுகிறாரா, நல்லெண்ணத்தில் ஆட்டுகிறாரா என்பது அவருக்கும் ஆண்டவனுக்குமே வெளிச்சம்.

தம்பியின் ஜெர்மன் சகா ஒருவர், நல்ல மனிதர், பொங்கலுக்குக் கும்பகோணத்தில் அத்தை வீட்டுக்கு வந்திருந்தார். அத்தை தன் மூட்டுவலி வரலாற்றை ஆரம்பித்தாள். தம்பி மொழிபெயர்த்தான். அந்த மனிதர் நிமிர்ந்து உட்கார்ந்து, கண் இமைக்காமல், கழுத்தை இம்மி அசைக்காமல் கேட்டார். பெரியவர்கள் பேசும்போது அப்படிக் கேட்பதுதான் மரியாதை என்பது அவர் எண்ணம். அத்தைக்கு முதல் ஆபரேஷனிலேயே சுருதி இறங்கிவிட்டது. "ஊம்" கொட்டாதவனிடம் எவ்வளவு நேரம்தான் கதை சொல்வது? அடுக்களைக்குள் வந்து, "கல்லுப் பிள்ளையார் மாதிரி உக்காந்திருக்கான்டா. திமிரு புடிச்சவனோ?" என்றாள். கூடத்தில் அவர் தம்பியிடம் தாழ்ந்த குரலில் கேட்டுக்கொண்டிருந்தார்: "நான் பேசியபோதெல்லாம் உங்கள் அத்தை தலையை ஆட்டி மறுத்துக்கொண்டே இருந்தார்களே, ஏதாவது தப்பாகச் சொல்லிவிட்டேனா?" அவர் சொன்னது, வீடு அழகாக இருக்கிறது என்று.

இலை போட்டதும் அத்தை வாசலில் நின்றவரைப் பார்த்து, உள்ளங்கை கீழே பார்க்க நான்கு விரலையும் மடக்கி மடக்கி, வா வா என்று கூப்பிட்டாள். மேல்நாட்டுக் கண்ணுக்கு அது போ போ. மனிதர் முகம் சுருங்கி, செருப்பைத் தேட ஆரம்பித்துவிட்டார். தம்பி ஓடிப்போய்க் கையைப் பிடித்து இழுத்து வந்து உட்காரவைத்தான். பாயசம் மூன்று தடவை விழுந்தது. போதும் என்று அவர் கையை விரித்துக் காட்டியதை யாருமே போதும் என்று எடுத்துக்கொள்ளவில்லை.

சாதாரண ஜனங்களுக்குத்தான் இந்தக் கதி என்றில்லை. 1992-இல் அமெரிக்க அதிபர் ஜார்ஜ் புஷ், அப்பா புஷ், ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் காருக்குள் இருந்து இரண்டு விரலை உயர்த்திக் காட்டினார். கையின் பின்புறம் ஜனங்களைப் பார்த்திருந்தது. அங்கே அது பச்சையான வசவு. மகன் புஷ் 2005 பதவியேற்பு விழாவில் ஆள்காட்டி விரலையும் சுண்டு விரலையும் கொம்பாக நீட்டினார். டெக்ஸாஸ் பல்கலைக்கழகக் காளைக்கான வாழ்த்து அது. நார்வேயில் அதைப் பார்த்தவர்கள் சாத்தானுக்குக் கும்பிடு போடுகிறார் என்று திகைத்தார்கள். குடும்பத்துக்கே விரலில் கண்டம் போலிருக்கிறது.

கை பேசி நான் பார்த்ததில் சந்தேகத்துக்கே இடமில்லாத ஒரே இடம் பொள்ளாச்சி மாட்டுச்சந்தை. தரகர் துண்டைப் போட்டுக் கையை மூடுவார். அடியில் விரலைத் தொட்டும் அழுத்தியும் விலை பேசுவார்கள். சுற்றி நிற்பவனுக்கு ஒரு ரூபாய்கூடத் தெரியாது. தொட்டவர்கள் இருவருக்கும் கணக்கு பைசா பிசகாது. முகத்தில் ஒரு சலனம் இருக்காது. வெயிலைப் பற்றிப் பேசிக்கொண்டே லட்ச ரூபாய் ஜோடியைக் கைமாற்றிவிடுவார்கள்.

எனக்கும் கொஞ்சம் கற்றுக்கொடுங்கள் என்று ஒரு தரகரிடம் கையை நீட்டினேன். துண்டுக்கடியில் என் விரல்களில் சிலதைப் பிடித்தார், விட்டார், மறுபடி ஒன்றை அழுத்தினார். ரசித்துத் தலையை ஆட்டினேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, கறுப்பு எருமை ஒன்றின் கயிற்றை அவிழ்த்து என் கையில் கொடுத்தார்.

"நல்ல கறவைங்க சார். பணம் இப்பவா, வீட்டுக்கு வந்து வாங்கிக்கட்டுமா?"