சீனத்திணை: ஓர் ஆய்வுரை

குறிஞ்சி முதல் பாலை வரை வகுத்த பெரியோர், சின்ன வயதில் அப்பா கூட்டிப்போன சீன உணவகத்தை எத்திணையில் சேர்ப்பது என்று சொல்லாமல் போயினர். அக்குறை நீக்க எழுந்தது இவ்வாய்வு. களம், எழும்பூரில் ஒரு முதல் மாடி.

முதற்பொருள் இரண்டு. நிலம்: படியேறும்போதே வினிகர் வாசம் வீசும், எதிரில் இருப்பவர் முகம் மங்கலாகத் தெரியும் குளிரறை. பொழுது: பெரும்பொழுது சம்பளம் வந்த முதல் வாரம், சிறுபொழுது ஞாயிறு இரவு.

கருப்பொருள் வருமாறு. தெய்வம், கல்லாவில் தொப்பை தெரியச் சிரிக்கும் புத்தர். விலங்கு, டிராகன். மரம், பிளாஸ்டிக் மூங்கில். பூ, கேரட்டில் செதுக்கிய ரோஜா. (அதைத் தின்னக்கூடாது என்பது தாய்மார் விதி, தின்றவர் எவருக்கும் ஒன்றும் ஆனதில்லை.) பறை, இரும்புச் சட்டியில் கரண்டி மோதும் ஓசை.

உணவு தனி அதிகாரம் பெறத்தக்கது. 'இது சீன உணவே அன்று' என்பாரும் உளர். உண்மைதான். கல்கத்தாவில் பிறந்த சீன வம்சாவளிச் சமையற்காரர் நெல்சன் வாங், 1975-இல் பம்பாயின் கிரிக்கெட் கிளப் ஆஃப் இந்தியாவில் இஞ்சி, பூண்டு, பச்சை மிளகாய் வதக்கி, கரம் மசாலா போடவேண்டிய இடத்தில் சோயா சாஸ் ஊற்றினார். அதில் பிறந்ததே சிக்கன் மஞ்சூரியன் என்பது பெருவழக்கு. காலிஃபிளவருக்கு அந்த யோகம் பிற்பாடு அடித்தது. கிரிக்கெட்டையே நம்முடையதாக்கிக்கொண்டவர்களுக்கு மஞ்சூரியனை ஏற்பதில் என்ன தடை?

அற்றேல், அஜினோமோட்டோ தலைவலி தருமே எனின், தராது என்க. 1968-இல் அமெரிக்க மருத்துவ இதழொன்றில் வந்த ஒரு வாசகர் கடிதம் கிளப்பிய சந்தேகம் அது; பின்வந்த சோதனைகள் அதற்குப் பெரிதாகக் கைகொடுக்கவில்லை. 1908-இல் தோக்கியோவில் கிகுனாயே இக்கேதா கடற்பாசியிலிருந்து பிரித்தெடுத்த, அஜினோமோட்டோவின் சாரமான குளூட்டமேட், நம் தக்காளியிலும் உண்டு. ரசம் குடித்துத் தலை வலிக்கிறது என்று யாரும் பத்திரிகைக்குக் கடிதம் போடுவதில்லை.

இனி இவ்வாய்வின் கணிதப் பகுதி. ஸ்வீட் கார்ன் சூப்பை 'ஒன் பை டூ' சொன்னால் இரண்டு கிண்ணம் வரும். ஒவ்வொன்றும் அரையாக இருக்கவேண்டும், முக்காலாக இருக்கிறது. இரண்டையும் ஒரே கிண்ணத்தில் ஊற்றினால் மேசைவிரிப்பு நனையும். ஆக, இத்திணையில் அரையும் அரையும் சேர்ந்தால் ஒன்றரை. ஐந்து பேர் குடும்பத்துக்கு 'த்ரீ பை ஃபைவ்' சொல்லும் தந்தைமார் இத்தேற்றத்தை நிறுவாமலே பயன்படுத்திவந்தனர். முழுக் கிண்ணம் கேட்பவன் புதுப்பணக்காரன் அல்லது கணக்கில் வீக்.

உரிப்பொருள்: மாறாமை காண்டலும் காண்டல் நிமித்தமும். திரும்பி வருபவன் பசிக்கு வருவதில்லை. இதைவிட நல்ல நூடுல்ஸை அவன் வேறு பத்து இடத்தில் தின்றிருக்கிறான். இங்கே வருவது சரிபார்க்க. பழைய உணவகம் கொஞ்சம் கெட்டுப்போனால் 'வயசாயிடுச்சு' என்று பொறுத்துக்கொள்வான். முன்னேறிவிட்டால் பொறுக்கமாட்டான். உடன்வந்த ஆய்வாளரான என் அக்கா, கைகழுவும் இடத்தில் புது டைல்ஸைக் கண்டு, "யாரைக் கேட்டு மாத்துனாங்க?" என்றாள். பொரித்த நூடுல்ஸின்மேல் முட்டை கவிழ்த்த அமெரிக்கன் சாப்சுயி, அதே இனிப்பும் அதே அசட்டுச் சிவப்புமாக வந்த பிறகே தணிந்தாள். அது நன்றாக இருந்ததா என்ற கேள்வியை நாங்கள் இருவருமே எழுப்பவில்லை. ஆய்வு நெறிக்கு அது புறம்பு.

ஆவணச் சான்று ஒன்று எஞ்சியது. மெனுவைப் போனில் ஸ்கேன் செய்யச் சொன்ன டார்ஜிலிங்காரத் தம்பியிடம் பழைய மெனு அட்டை இருக்கிறதா என்று கேட்டோம். கொண்டுவந்தார். விலைமேல் விலையாகக் குட்டி ஸ்டிக்கர்கள். மிக்ஸ்டு ஃபிரைட் ரைஸுக்கு நேரே தடவினால் மேடு தட்டியது. கீழடியில் போல அடுக்கடுக்காக இறங்கினால் அப்பா கொடுத்த விலை கிடைக்கும் என்ற கருதுகோளுடன் நகத்தால் மெல்ல நெம்பினேன். மேலடுக்கு பாதி வந்தது. அதன் கீழே இன்னொன்று.

"சார், பிய்க்காதீங்க சார். அப்புறம் எல்லாரும் அந்த ரேட்டுதான் கேப்பாங்க."